பத்து டேலர்

பத்து டேலர் என்றால் ஒரு செப்புத் தகடு.
முதுகில் ஏற்றினால்
என் மகன் நீல்ஸின் கனம்,
போன கோடையில் தூக்கிப் பார்த்தபடி.
நாலு மூலையிலும் கிரீட முத்திரை, நடுவில் ஒன்று.
பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள்.
எங்கள் பணம் பிறந்ததே பாதாளத்தில்,
ஃபாலூன் சுரங்கப் புகையில்.
அங்கிருந்து ஸ்டாக்ஹோம் வரைக்கும் குதிரை, சறுக்குவண்டி,
கடைசி நூறு அடிக்கு நான்.

ஒருமுறை துணி வியாபாரி வீட்டில் திருடன் புகுந்தான்.
இரண்டு தகடு தூக்கி
வாசற்படியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தான்.
சிரித்துச் சிரித்து அவனுக்குக் கஞ்சி கொடுத்தோம்.

பிறகு காகிதம் வந்தது.
எட்டுக் கையெழுத்து, ஒரு மெழுகு முத்திரை.
பாரன் லில்யெஃபெல்ட் அதை மடித்துக்
கையுறைக்குள் செருகினார்.
நூறு டேலர், ஒரு கையுறைக்குள்!
அந்த வாரமே
சுமைக்காரர் பதினோரு பேருக்கு வேலை போயிற்று.
பாரன் ஏரிக்கரையில் மாளிகை எழுப்பினார்.
சுவர் முழுக்க ஆரஞ்சு மரங்கள், எல்லாம் வரைந்தவை.
"பறித்துத் தின்னச் சொல்" என்றான் ஹோக்கன்.

வங்கிக் கிடங்கில் எவ்வளவு செம்பு இருந்தது
என்று எனக்குத் தெரியும்.
அடுக்கியவன் நான்.
முதல் வரிசைக்குப் பின்னால் வெறும் சுவர்.
யாரும் கேட்கவில்லை.
சுமப்பவனிடம் யார் கணக்குக் கேட்பார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை
மீன்காரி இங்கெபோர் தன் காகிதத்தை நீட்டிச்
செம்பு கேட்டாள்.
நாளை வா என்றார்கள்.
அவள் சந்தையில் போய்ச் சொன்னாள், அவ்வளவுதான்.
மதியத்துக்குள் தெரு அடைத்துக்கொண்டது.

இருட்டியதும் பாரனின் ஆள் ஓடி வந்தான்:
பதினோரு பேரும் பின்வாசலுக்கு வாருங்கள்.
முன்கதவை ஊரே இடித்துக்கொண்டிருக்க
வண்டி வண்டியாய் ஏற்றினோம்.
என் முதுகுக்கு அன்று சந்தோஷம்;
சொல்லவே கூசுகிறது.
விடியலில் கணக்கர் கூலி கொடுத்தார்,
ஆளுக்கொரு காகிதம்.

ஹோக்கன் அதைக் கொளுத்திச் சுங்கான் பற்றவைத்தான்.
நான் ரொட்டிக்காரனிடம் கொண்டுபோனேன்.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு
மரியாதையாகத் திருப்பித் தந்தான்.
கம்பு மாவில் மரப்பட்டை கலந்து
குளிர்காலத்தைத் தள்ளினோம்.

ஏரியில் பனி உடைந்த வாரம்
பாரன் வீட்டுக்கு மறுபடி ஒரு தகடு.
மாடிப்படி ஏறும்போது
முதுகு தானாகவே கணக்குப் போட்டது.
அன்று காலைதான் நீல்ஸைத் தூக்கியிருந்தேன்.
செம்பு ஒரு குன்றிமணி குறையவில்லை.
இப்போது ஒரு தகட்டுக்கு
ஒன்றரை நீல்ஸ்.