எட்டு வரை

ஹோட்டல் குசினியில், நீராவிக்கு நடுவில்,
கோப்பை கழுவும் மெசினுக்கு முன்னால்
நெஞ்சு பூட்டிக்கொண்ட நாளுக்குப் பிறகு
வைத்தியர் எல்லாம் சோதித்தார். இதயம் நல்லது என்றார்.
மாத்திரையில் பாதியைக் குறைத்து
அந்தப் பாதிக்குப் பதிலாக ஒரு முகவரி தந்தார்:
புர்க்டோர்ஃப், பள்ளிக்கூடத்துக்குக் கீழே,
செவ்வாய் ஏழரை. பாய் கொண்டு வரவும்.

கீழே என்றால் நிலத்துக்குக் கீழே.
அரை முழ மொத்தத்தில் கொங்கிரீட் கதவு.
வராத போர் ஒன்றுக்காக
இந்த நாடு கட்டி வைத்திருக்கும் அறை.
ஒரு மூலையில் பனிச்சறுக்குக் கட்டைகள்,
சுவரில் காற்று இயந்திரம்,
கரண்ட் போனால் சுற்றுவதற்கு இரண்டு கைப்பிடிகள்.
எங்கள் பங்கருக்குப் பனங்குற்றிக் கூரை.
அதிரும்போதெல்லாம் வாய்க்குள் மண்.
அது வந்த போர்.

ரெகுலா என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.
"உங்களுக்கு இது இரத்தத்திலேயே இருக்கும்."
என் இரத்தத்தில் இருந்தது நூற்றைம்பத்தாறு,
கீழே தொண்ணூற்றெட்டு.
"பிராணாயாமா, சரியாகச் சொல்கிறேனா?"
சரி என்றேன். எனக்கும் அது புத்தகத்துச் சொல்தான்.
எங்கள் வீட்டில் மூச்சு எடுப்பார்கள், விடுவார்கள்,
முட்டினால் விக்ஸ் பூசுவார்கள்.

நாலு எண்ணி உள்ளே. எட்டு எண்ணி வெளியே.
அவள் ஜெர்மனில் எண்ணினாள்.
என்னுடைய எண்கள் வேறு வேலைக்குப் பழகியவை.
தூரத்தில் ஒன்று குத்திக் கிளம்பும்;
ஒன்று, இரண்டு, மூன்று...
இருபதுக்குள் விழாவிட்டால் அது வேறு யாருக்கோ.
அந்த இருபதுக்குள்
ஒருவரும் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

மூன்றாம் கிழமை காதைப் பொத்தச் சொன்னாள்.
வாயை மூடி, மூக்கால் ஒரு ரீங்காரம்.
"தோட்டத்தில் பூவுக்குப் பூ போகுமே, அது மாதிரி.
உங்கள் பாஷையில் அதற்கு என்ன?"
"வண்டு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது.
இரவிரவாகத் தலைக்கு மேல் சுற்றிய
ஆளில்லாத விமானத்துக்கும்
நாங்கள் வைத்த பெயர் அதுதான்.
வண்டு நின்றால் அடுப்பு மூட்ட மாட்டோம்.
குழந்தை அழுதால் வாயைப் பொத்துவோம்,
அவ்வளவு உயரத்துக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

ஒன்பது பேர் கண்ணை மூடித் தொடங்கினார்கள்.
கொங்கிரீட் அதை வாங்கித் திருப்பித் தந்தது.
நான் எழும்பிப் போய்
காற்று இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.
பிடிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை.
சுற்றினேன், அசையவில்லை.
பஸ் ஓட்டி ஓய்ந்த பேயாட் வந்தார்,
காதுக் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு
ஒன்றும் கேட்காமல் மற்றக் கைப்பிடியைப் பிடித்தார்.
இருவருமாகச் சுற்ற
குழாய்க்குள்ளிருந்து முதலில் தூசு,
பிறகு எவரும் சுவாசிக்காத ஐம்பது வருடக் காற்று.
ரெகுலா தும்மினாள்.
யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

அன்றிரவு எல்லாரும் படுத்தபின்
லைற்றைப் போடாமல் குசினிக் கதிரையில் இருந்தேன்.
காதைப் பொத்தவில்லை.
பொத்தினால் சத்தம் மேலேயிருந்து வருகிறது.
கையை நெஞ்சில் வைத்தேன்,
எங்கேயிருந்து வருகிறது என்று
கைக்காவது தெரியட்டும்.

முதல்தரம் மூன்றில் அறுந்தது.
அடுத்தது இருமல்.
பிறகு கொஞ்சம் தண்ணீர்.
பிறகு சும்மா இருந்தேன், பத்து நிமிடம்.
பிறகு ஒன்று, தடித்து, விலா எலும்பெல்லாம் அதிர,
கைக்குக் கீழேயே நின்றது.

கதவு திறந்தது. மகள் அபிரா, அரைத் தூக்கத்தில்,
"அப்பா, பிரிட்ஜ் என்னவோ சத்தம் போடுது."
திறந்து, அந்த வெளிச்சத்தில் வெறுங்காலோடு நின்று,
தயிர்ப் பேணிக்குப் பின்னால் காது வைத்துக் கேட்டாள்.

அது நான்தான் என்று சொல்லவில்லை.
எட்டுக்கு இன்னும் மூன்று இருந்தது.