பெட்டியில் போட்டிருக்கும் வயது

முதல் பெட்டியில் 9+ என்று இருந்தது.
சீஃப் மாலில் பில் போடும் ஜெரிக்
"பையனுக்கா சார்?" என்றான்.
ஆமாம் என்றேன்.
நாற்பத்தோரு வயது, கல்யாணமாகாதவன்,
காலரில் இன்னும் தின்னர் வாடை,
வேறென்ன சொல்வது?

பிறந்தநாள் கிளப்பில் சேர்க்கப் பெயர் கேட்டான்.
வாயில் வந்தது
அன்று காலை கப்பலின் வயிற்றில் அடித்த
பெயின்ட்டின் பெயர்.
"ஜோட்டன்."
நல்ல பேர் சார், என்று தட்டினான்.
தேதிக்கு, பாஸ்போர்ட்டில் முதல் விசா
குத்திய நாளைக் கொடுத்தேன்.

ஹித் கப்பல் பட்டறையில்
பெயின்ட்டின் கனம் அளப்பது என் வேலை.
நூற்றிருபத்தைந்து மைக்ரான் வேண்டிய இடத்தில்
நூற்றுப்பத்து இருந்தால்
சாக்கட்டியால் வட்டம் போடுவேன்.
நாள் முழுக்க அடுத்தவன் வேலையில் வட்டம்.
குதைபியாவின் மூன்றாம் மாடியில்
கட்டிலுக்குக் குறுக்கே பலகையை வைத்து
கட்டையின் மேல் கட்டையை அழுத்துகிறேன்.
குமிழ் உட்காரும் அந்த டக் சத்தத்தில்
வட்டம் போட ஒன்றுமில்லை.

அறையில் மூன்று பேர்.
டிரெய்லர் ஓட்டும் பிச்சைக்கனி
"பகல்லயும் கப்பல், ராத்திரியும் கப்பலா வே?" என்பார்.
அன்வர்தீன் விலை கேட்டார்.
பன்னிரண்டு தினார் என்றேன்.
எண்பத்திரண்டு.
அவர் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்புவதே தொண்ணூறு.
பெட்டியைத் திருப்பி, ஸ்டிக்கரைப் பார்த்து,
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.
அடுத்த வெள்ளிக்கிழமை
கஃபடீரியாவிலிருந்து நாலு தட்டோடு வந்து
சம்மணமிட்டு உட்கார்ந்து
பருப்பில் கல் பொறுக்கும் விரல்களால் பிரித்தார்.
"இதுல ரெண்டு சாம்பல் இருக்கு,
உமக்குத் தெரியுமா?"
என்னிடமே கேட்டார்.

கட்டி முடித்ததும்
பொடித் துண்டுகள் சில மிஞ்சும்.
தொலைத்துவிடுவோம் என்று தெரிந்தே
கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள்.
இப்படி முன்கூட்டியே என்னை மன்னித்தவர்கள்
வேறு யாருமில்லை.
ஒரு மிட்டாய் டப்பாவில் சேர்க்கிறேன்.

மார்ச் பிறந்தால் குறுஞ்செய்தி வரும்.
அன்புள்ள ஜோட்டன், இன்று உனக்குப் பத்து.
பதினொன்று.
பன்னிரண்டு, தள்ளுபடி பத்து சதவீதம்.
நான் அழித்ததில்லை.
பிச்சைக்கனி ஒருமுறை பார்த்துவிட்டார், கேட்கவில்லை.
வெயிலுக்காக மதிய வேலையை நிறுத்தியிருந்த ஒரு ஜூலையில்
தகரக் கொட்டகை நிழலில் சாய்ந்திருந்தபோது
இவன் கணக்கில் எப்படி என்று
யோசித்திருக்கிறேன்.
பிறகு முகம் கழுவிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு சரக்குக் கப்பல்.
மூவாயிரத்துச் சொச்சம் துண்டு.
பெட்டி மூலையில் 18+.
ஜெரிக் திரையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.
"ஜோட்டனுக்குப் பதினாறுதானே சார்?"
எனக்குப் பின்னால் வரிசை.
ஒரு தள்ளுவண்டியில் நிஜப் பிள்ளை ஒன்று
கார்ச் சாவியைக் கடித்துக்கொண்டிருந்தது.
"ஜோட்டன்னு யாரும் இல்லை," என்றேன்.
"எல்லாம் எனக்குத்தான்."

அவன் சிரிக்கவில்லை.
பெட்டியைப் பையில் இறக்கிக்கொண்டே சொன்னான்:
"என் மகளுக்கு எட்டு வருஷமா
ஏழு வயசு சார்."

தள்ளுபடிக்காகவா,
ஊருக்குப் போகவே இல்லையா,
இல்லை நான் நினைக்க விரும்பாத
மூன்றாவதா?
அதற்குள் அடுத்த ஆள் அட்டையை நீட்டிவிட்டார்.
வெளியே வந்து பில்லைப் பார்த்தேன்.
பத்து சதவீதம் கழித்திருந்தது.
மேலே ஜோட்டன் பெயர்.

நேற்று ஏரா முடிந்தது.
விளக்கணைத்த பிறகு
பாத்ரூம் போக இறங்கிய பிச்சைக்கனி
இருட்டில் எதையோ மிதித்துத் துள்ளினார்.
"வே, உம்ம மவன்ட்ட சொல்லும்,
சாமான எடுத்து வைக்கச் சொல்லி!"

சொல்றேன் என்றேன்.