ஊதா

நகக்கண்ணில் ஊதா. சாயம்.
தேய்த்தாலும் போகாது.
தபசுகாலம், கொய்யாத்தோட்டத்துக் கோயில் பீடத்திலும்
இதே நிறத்தைத்தான் விரித்திருக்கிறார்கள்.

பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்குப் பதினாறு வருசம்.
பெயரைப் பார்ப்பதில்லை, இலக்கத்தைத்தான்.
அன்றைக்கு இலக்கத்துக்குக் கீழே பெயரும் கண்ணில் பட்டது:
அ. றெஜினோல்ட், வயது 44.
காலமை எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தவர்.
"சும்மா களைப்புத்தான், ரத்தத்தைக் குடுத்திட்டு
வேலைக்குப் போறன்" என்றவர்.

வேறொருத்தியிடம் கொடுத்திருக்கலாம் அந்தக் கண்ணாடித் துண்டை.
கொடுக்கவில்லை.
எண்ணெய்த் துளி விட்டு, குமிழைத் திருகி, குனிந்தேன்.
இருக்கக்கூடாத கலங்கள்.
பெரிசாய், பிஞ்சாய், ஊதாவாய்,
பூசைக்கு வெள்ளன வந்து
முன்வாங்கு பிடித்த சனம்போல.

நூறு எண்ணினேன்.
திரும்ப நூறு.

அப்போதுதான் அந்தச் செபத்தைச் செய்தேன்.
ஆண்டவரே, குழாய் மாறியிருக்கவேணும்.
யாரோ அவசரத்தில் லேபிளை மாற்றி ஒட்டியிருக்கவேணும்.
மாறுவதுண்டு, வருசத்தில் ஒன்றிரண்டு.
உமக்கென்ன கஷ்டம்?

சொல்லி முடிக்கவில்லை,
யன்னலுக்கு வெளியே, வாங்கில்,
பளையிலிருந்து வந்த ஒரு பெண்
துண்டை மடியில் வைத்து மடிப்பதும் விரிப்பதுமாய் இருந்தாள்.
அடுத்த இலக்கம் அவளுடைய ஆளுக்கு.

எதைக் கேட்டேன் என்று விளங்கியது.
தூக்கி அவளுடைய மடியில் போடும் என்று கேட்டிருக்கிறேன்.
செபத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.
அப்படி எடுக்கலாமா, தெரியாது.

றிப்போட்டில் ஒப்பம் வைத்தேன்.
எழுத்து நேராகத்தான் வந்தது.

பேந்து உம்மோடு சண்டை.
பள்ளிக்கூடத்தில் சோதனை என்றால்
முன்கூட்டியே திகதி சொல்லுவார்கள், ஆண்டவரே.
என்னுடைய கூடத்துச் சோதனை எனக்குத் தெரியும்:
இல்லாததை நாங்கள் குழாயில் போடுவதில்லை,
இருப்பதுக்குச் சாயம் ஏற்றுகிறோம், அவ்வளவுதான்.
சரி, எனக்குள் என்ன இருந்தது?
கோபம். எண்ணிய இடமெல்லாம் கோபம்.
ஆனால் அதையும் உம்மிடம்தான் கொட்டிக்கொண்டு வந்தேன்,
ஸ்கூட்டியில், ஹெல்மெற்றுக்குள்,
மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டும்வரை சத்தமாய்.
ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று
ஒருத்தரும் இப்படி ஏசமாட்டார்கள்.

இன்று ஞாயிறு. நாளைக்குத் தெல்லிப்பளை.
என்ன நடக்குமென்று நீர் சொல்லவில்லை.
நான் கேட்பதையும் விடப்போவதில்லை.

பூசையில், பிதாவிடம் சொல்லும் செபத்தில்,
சோதனை என்ற சொல் வரும் வரிக்கு
என் வாய் பூட்டிக்கொண்டது.
இவர் எல்லாவற்றையும் சொன்னார், எப்போதும்போல
ஒரு சொல் முந்தி.
முழங்கையால் மெல்ல இடித்தார்.

சுவாமி அடுத்த செபத்துக்குப் போய்விட்டார்.
பின்வாங்கில் ஒரு பிள்ளை செருப்பைத் தேடியது.
நான் அந்த ஒரு வரியை மட்டும் சொன்னேன்,
பிந்தி, தனிய,
ஊதா விரல்களை அவருடைய கைக்குள் வைத்துக்கொண்டு.