அடிநூல்

திருப்பூர் வெட்டுத்துணி, கிலோ நூற்றுப்பத்து.
மேட்டுப்பாளையத்து முதல் பஸ்ஸின் கூரையேறி
கட்டபெட்டில் இறங்கியது மூட்டை,
நனைந்து.
இந்த ஆடியில் வெயிலை
யாரிடம் கடன் கேட்பது?
அடுப்புக்கு மேல் கொடி கட்டி
நான்கு நாள் புகையில் காயவைத்தேன்.

பிரித்தால் பாதிக்குமேல் பனியன் துணி.
இழுத்தால் வரும்.
விட்டால் திரும்பிப் போகாது.
ஐந்து அங்குலம் என்று வெட்டிய சதுரங்கள்
தைத்து முடித்ததும்
ஆளுக்கொரு அளவு சொல்லின.

பகலில் நான் எடை எழுதுகிறவள்.
கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை, மூன்றாம் தராசு.
கால் கிலோ பிசகினால்
பெள்ளியண்ணன் ஊரைக் கூட்டிவிடுவார்.
இரவில் பிசகலாம்.
ஒரு மூலை உயர்ந்தால்
எதிர் மூலையைச் சற்றே இழுத்துப் பிடித்து
இஸ்திரிப்பெட்டியால் மிரட்டினால் போதும்.

தவணையில் வாங்கிய மெஷினுக்குள்
பதினோரு சித்திரங்கள் உண்டு.
துலிப், வாத்து, பாய்மரக் கப்பல்.
கடலைப் பார்க்க நாங்கள்
ஒரு நாள் முழுக்க இறங்கவேண்டும்.
எனக்கு வேண்டியது காட்டெருமை,
அந்தியில் வேலியோரம் வந்து
மேராக்காய்க் கொடியை மென்று நிற்குமே,
வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு,
அது.

துணி தள்ளும் பல்லை இறக்கிவிட்டு
வளையத்தை நானே நகர்த்தினேன்.
கொம்பு வந்தது. காலுறை வந்தது.
முதுகு மட்டும் படியவில்லை.
"சோபாவுக்கு எதுக்கும்மா கொம்பு?" என்றாள் தர்ஷிகா.
பிரிக்கவில்லை.
ஆறாயிரம் தையலைப் பிரிக்கும் பொறுமை இருந்தால்
நான் ஏன் மெஷின் வாங்குகிறேன்?

இதெல்லாம் செல்வநாயகத்துக்காக.
இரவு இரண்டு மணிக்கு
கேரட் மூட்டைகளோடு பிக்கப் வண்டி கிளம்பும்.
மண்டி திறக்கும்வரை
இருக்கையிலேயே சுருண்டு தூங்குவார்.
அதற்கொரு மெத்தைப்போர்வை.
உள்ளே வைக்கும் தகட்டுப்பஞ்சு விலை கேட்டேன்,
பேசாமல் இலவம்பஞ்சு வாங்கி வந்தேன்.
இலவம் ஓரிடத்தில் இருக்காது.
நெருக்க நெருக்கக் கோடு ஓட்டவேண்டும்,
இரண்டு விரற்கடைக்கு ஒன்று.

அன்று ராத்திரி நல்ல மழை.
தகரத்தில் அது போட்ட சத்தத்தில்
மெஷினின் குரல் மாறியது காதில் விழவில்லை.
இருபத்தாறு கோடு, நேர்கோடு,
என் வாழ்நாளில் அப்படி நேராக ஓட்டியதில்லை.
பதினொன்றரைக்கு நூலை அறுத்துவிட்டுப் படுத்தேன்.
இரண்டுக்கு அவர் எடுத்துப் போனார்.

காலையில் போன்.
"என்னடி தைச்சிருக்க?
தலை ஊட்டியில கிடக்கு,
கால் மேட்டுப்பாளையத்துல வேகுது."
பஞ்சு மொத்தமும்
காலடிக்கு இறங்கிவிட்டதாம்.

தட்டைத் தள்ளிப் பார்த்தேன்.
பாபின் மொட்டையாக மின்னியது.
எந்தக் கோட்டில் தீர்ந்ததோ,
அதற்குப்பின் மேல்நூல் மட்டும்
தனியாகவே
நடந்து போயிருக்கிறது.

போர்வை திரும்பி வந்தது, டீசல் வாசத்தோடு.
தொட்டதும் மேல்நூல் உருவிக்கொண்டு வந்தது,
முழம் முழமாக, சண்டையே போடாமல்.
பஞ்சை உதறி எடுத்துவிட்டு
துணியை பல்புக்கு நேரே பிடித்தேன்.
ஊசித் துளைகள்.
கரண்ட் வந்ததும் எதிர்மலையில்
ஹாலம்மா வீட்டு வரிசை எரியுமே,
அதைவிடச் சின்னதாக, அதைவிட ஒழுங்காக.
கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன்.
கை வலித்தது.

அதே துளையில் ஊசி மறுபடி இறங்காது.
பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன்.
ஒரு பாபினுக்கு ஒன்பது கோடு என்று
சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தேன்.
இந்த முறை மழை பெய்தால்
ஒவ்வொரு கோட்டுக்கும் துணியைத் திருப்பிப் பார்த்தேன்,
அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி.

காட்டெருமை இன்னும் சோபாவாகத்தான் இருக்கிறது.
நேற்று அவரிடம் கேட்டேன்,
பஞ்சு எப்படி?
"நகருது," என்றார்,
"ஆனா குஞ்சப்பனையைத் தாண்டுறதில்ல."