அநாதை ஆமென்

வெள்ளிக்கிழமை, மாலை நாலரை.
கையெல்லாம் கிரீஸ். பட்டறையை அப்போதுதான் பூட்டினேன்.
குளிர் ஆறு டிகிரி;
ஃபுளோரிடாவில் அதற்குப் பெயர் பெருங்குளிர்.
மின்நிலையம் வெந்நீர் விடும் கால்வாயில்
கடற்பசுக்கள் வந்து ஒண்டியிருக்கின்றன என்று
தங்கை ஃப்ரூமா போனில் சொன்னாள்.
"சபாத் பிறக்குமுன் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா."

போனேன்.
சாம்பல் பாறைகள் என்று நினைத்தவை
ஒவ்வொன்றாக மூச்சுவிட்டன.

விசித்திர உயிரைக் கண்டால் சொல்ல
எங்களிடம் ஓர் ஆசிமொழி உண்டு,
யானைக்கும் குரங்குக்கும் சொல்வது.
அழகான உயிரைக் கண்டால் வேறொன்று.
உருளைக்கிழங்கு மூட்டைக்கு மீசை முளைத்தாற்போல
மிதக்கும் இதற்கு எதைச் சொல்ல?
யோசிக்கையில் ஒன்று புரண்டு திரும்பியது.

முதுகில் ஏழு வெள்ளைக் கோடுகள்.
சம இடைவெளி.
எனக்கு அளவுகோல் தேவையில்லை.
மூன்று இறக்கை, பதினான்கு அங்குலம், அலுமினியம்.
இருபத்தாறு வருடமாக நான்
வளைவு நிமிர்த்தி, அரம் தேய்த்து
திருப்பித் தரும் அதே படகு விசிறி.

பாலைவனத்தில் எங்கள் முன்னோர் சுமந்த கூடாரத்தின்
மேல்விரிப்பு தஹாஷ் என்ற விலங்கின் தோல்.
எந்த விலங்கு, யாருக்கும் நிச்சயமில்லை.
ஒற்றைக் கொம்பு, பல நிறம்,
அந்த ஒரு வேலைக்கென்றே வந்து மறைந்தது என்பார்கள் சிலர்.
செங்கடலின் கடற்பசுதான் என்பாள் ஃப்ரூமா.
அவள் சொல்வது மெய்யானால்
கடவுள் தங்கிய இடத்துக்கு வெயில் மறைத்தது
இதன் இனத்தார் முதுகு.
அன்றைக்கும் கத்தி எங்கள் கையில்தான்.

அது கணக்கொன்றும் கேட்கவில்லை.
வாயில் பாசிக் கொத்து. மென்றது. மென்றுகொண்டே இருந்தது.
வாரத்தில் ஒருநாள் விளக்கேற்றி, கதவடைத்து,
பாடுபட்டு நாங்கள் பழகும் ஓய்வை
செவ்வாய்க்கிழமையும் வைத்திருக்கும் போல.

பிறகு மேலே வந்தது.
இரண்டு மூக்குத்துளைகள்
மூடி விலகுவதுபோல் விலகின.
ஃபூ.

எபிரேயத்தில் ஆன்மா நெஷமா, மூச்சு நெஷிமா.
நடுவே இருப்பது
அகரவரிசையின் ஆகச் சிறிய எழுத்து.
காலைதோறும் காப்பி ஆறுமுன் முணுமுணுத்து முடிக்கும் சொல்தான்.
அதற்கு இத்தனை ஈரம் உண்டென்று தெரியாது.

புகைபோக்கிக்குப் பின்னே சூரியன் இறங்கியது.
இரண்டு ஆசியில் ஒன்றும் நாவில் வரவில்லை.
மறுபடி, ஃபூ.

"ஆமென்" என்றேன்.

ஆசி காதில் விழாமல் சொல்லும் ஆமெனுக்கு
அநாதை ஆமென் என்று பெயர்.
சொல்லலாகாது.
சொன்னேன், கிரீஸ் கையோடு,
திங்கட்கிழமைக்கு நாலு விசிறிகள்
பட்டறையில் கிடக்க.