ஏழாம் சான்றுப்பொருள்

சிம் அட்டைகள் பதின்மூன்று.
ஈயம் பற்றவைக்கும் கோல் ஒன்று.
மற்றவற்றை விடுங்கள்,
ஏழாவதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்:
அரபு எழுத்தில் ஒரு கொப்பி.
மட்டையின் ஓரம் கரையான் தின்றது.

நான் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்.
நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோகொப்பிக் கடையின் பின்னறையில்
பக்கத்துக்கு இவ்வளவு என்று
வாக்குமூலங்களை மாற்றிக் கொடுப்பவள்.
அரபு தெரியாது என்றேன்.
"மௌலவி வாசிப்பார் மிஸ், நீங்கள் சிங்களத்தில் எழுதுங்கள்"
என்றார் சார்ஜன்ட், மரியாதையாக.
பதினொரு வருஷத்துக்கு முன் இதே கட்டடத்துக்கு
தம்பி குலேந்திரனைக் கேட்டு வந்தபோது
கதிரை தரவில்லை.
இன்று தந்தார்கள். தேத்தண்ணியும்.

ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு
தட்டாதெருச் சந்தியில் மறுபடி மண்மூட்டை.
பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள்.
என் கால்கள் எதையும் மறக்கவில்லை:
பையைத் திற, அட்டையை நீட்டு, கண்ணைப் பார்க்காதே.
சிப்பாய் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தான்.
"போங்க அம்மா."
பின்னால் நின்ற முக்காட்டுப் பெண்ணின் பையைக்
கவிழ்த்துக் கொட்டினான்.
பால்மா டின் ஒன்று றோட்டின் நடுவரை உருண்டது.
சொல்லவேண்டாம் என்றுதான் பார்த்தேன்:
எனக்குள் ஏதோ ஒன்று
செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டது.
இந்த முறை நாங்களில்லை.

தேடவேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.
நீர்கொழும்பில் என்னோடு வேலைசெய்த ஷிரோமி
பூசைக்குப் போனவள்.
அவள் தோய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையை
இன்னும் கொடியிலிருந்து எடுக்கவில்லை என்றாள் தமக்கை.

மௌலவி கண்ணாடியை மூக்கில் ஏற்றி
வலமிருந்து இடமாக விரலை ஓட்டி
வாயைத் திறந்தால், தமிழ்.
"நாவாந்துறை பீற்றர், ஆணி ரெண்டு றாத்தல், பாக்கி பதினெட்டு.
ஓட்டுமடம் ஆசாரி, கீல் நாலு சோடி, பாக்கி அறுபது."
எழுத்து மட்டும்தான் அரபு.
இரும்புக்கடைக் கடன் கொப்பி.

கடைசித் தேதி
தொண்ணூறு ஒக்டோபர் இருபத்தொன்பது.
மறுநாள் ஒலிபெருக்கி, மைதானம்,
இரண்டு மணித்தியாலம்.
அன்று துவக்கோடு நின்றவர்கள் எங்கள் பிள்ளைகள்.
அவர்களும் பாதுகாப்புக்கு என்றுதான் சொன்னார்கள்.
காப்பைக் கழற்றினார்கள், மணிக்கூட்டைக் கழற்றினார்கள்,
கொப்பியை விரித்துப் பார்த்து
உதவாதென்று திருப்பிக் கொடுத்தார்கள்.
புத்தளத்து உப்புக்காற்றில் அதை வைத்திருந்து
வாப்பா மவுத்தானபின் மகன் முபீஸ்
யாழ்ப்பாணத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தான்,
போன் திருத்தும் சாமான்களோடு.
கடன் கேட்க அல்ல,
தெருப் பெயர்களைப் பார்க்க, என்றிருக்கிறது
அவனுடைய வாக்குமூலத்தில்.

நாலாம் பக்கத்தில் எங்கள் ஒழுங்கை வந்தது.
"கலட்டி ஒழுங்கை, கிளாக்கர், தகரம் ஆறு,
பாக்கி நானூற்றுப் பத்து."
மௌலவி நிறுத்தினார்.
"முதலெழுத்தும் போட்டிருக்கு. வாசிக்கவா?"
எங்கள் ஒழுங்கையில் கிளாக்கர்மார் இரண்டு பேர்.
ஒருவர் அப்பா.
தேவையில்லை என்றேன்.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
தேசிய பாதுகாப்புக்கு அச்சுறுத்தலான விடயம் உண்டா?
இல்லை என்று எழுதி முத்திரை குத்தினேன்.
கையெழுத்து வழமைபோல வந்தது.

முபீஸை விடவில்லை.
சிம் அட்டைகளுக்கு இன்னும் விளக்கம் வேண்டுமாம்.
அவன் தாய் வாசல் வாங்கிலிருந்து எழும்பி
"காவல்லதானே மிஸ் வச்சிருக்காங்க,
அப்ப பத்திரமாத்தானே இருப்பான்?" என்றா.
காவல்.
அந்தச் சொல்லை எத்தனை தரம்
சிங்களத்துக்கு ஏற்றி இறக்கியிருப்பேன்.
ஓம் என்றேன். கூலியை எண்ணாமல் பையில் வைத்தேன்.

அன்றிரவு மழை.
குசினிக்குள் நின்று சமைத்தேன்.
கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை.