புரை

வெண்பனி இன்னும் விழவில்லை.
விழுந்தால் நல்லது: தரை வெளுக்கும்,
காட்டுக்கு ஓர் ஓரம் கிடைக்கும்.
எஸ்தோனியாவில் நவம்பர் என்றால் மழைதான்;
சாலையையும் வானத்தையும்
ஒரே தாரில் ஊற்றியிருக்கிறார்கள்.

இரவு இரண்டரை.
வோரு நகரம் தாண்டித் தெற்கே.
முதுகுக்குப் பின்னால் ஒன்பதாயிரம் லிட்டர் பால்.
ஒவ்வொரு வளைவிலும் நான் திரும்பி
அரை நொடி கழித்து
அது திரும்புகிறது.

மர லாரி வருவதை
முதலில் ஊசியிலை மரங்கள் சொல்லும்.
நுனிகள் நீலமாகும்.
அப்புறம் மேட்டுக்கு அந்தப் பக்கம்
விடிகிற மாதிரி ஒரு பொய்.
அப்புறம் வெள்ளை.

அதற்குள் ஆயத்தமாகிவிட வேண்டும்.
டேஷ்போர்டு வெளிச்சத்தை
முன்பே அடிவரை இறக்கியிருப்பேன்,
எவ்வளவு வேகமென்று எஞ்சின் குரலிலேயே தெரியும்.
அதையும் குறைத்து
கண்ணை வலப்பக்கம் தள்ளி
சாலையோர வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொள்வேன்,
கூட்டத்தில் யாருடைய சட்டை நுனியையோ
பிடித்து நடக்கும் பிள்ளை மாதிரி.
எதிரே பார்க்கக் கூடாது.
பார்க்கத்தான் தோன்றும்.
கண் விட்டில் சாதி.

உர்மாஸ் பெட்ரோல் பங்கில்
மஞ்சள் கண்ணாடி வாங்கினான். எட்டு யூரோ.
ராத்திரி பகல் மாதிரி இருக்கிறதாம்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்;
என் கவலை காணாததைப் பற்றி.
அவன் ஓட்டிய மறுநாள்
முன்கண்ணாடியின் உட்புறம் சிகரெட் படலம்.
எல்லாரும் வெளியே துடைக்கிறார்கள்.
நான் வினிகரும் பழைய செய்தித்தாளும் கொண்டு
உள்ளே துடைக்கிறேன்,
தேர்தல் முடிவுகள்
கறுப்பாகக் கையில் ஒட்டும்வரை.
அதற்குப் பிறகும்
எதிர்விளக்குகள் முள்முள்ளாய்ச் சிதறுவது நிற்கவில்லை.

கண் மருத்துவர் லைனே
தாடையை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள்.
அழுக்கு கண்ணாடியில் இல்லை, விர்வே, என்றாள்.
புரை. ஆரம்பம்தான்.

பாலில் புரை குத்தினால்
விடிவதற்குள் தயிர்.
கண்ணில் விழுந்த புரைக்கு
எத்தனை இரவு என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
சீட்டை மடித்து வண்டியில் வைத்தேன்,
டயர் ரசீதுகளுக்கு அடியில்.

இதோ, லாரி கடந்துவிட்டது.
கடந்த பின்தான் ஆபத்து:
மூன்று நொடி, நான்கு நொடி,
ஊதா நிறத்தில் ஓட்டை விழுந்த இருட்டு.
ஓட்டைக்குள் சாலை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான்
இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

கோட்டின் மேல், முழங்கால் உயரத்தில்
ஏதோ மினுங்கியது.
அணைந்தது.
மினுங்கியது.

பிரேக்.
பின்னால் பால் முழுதாக எழுந்து
என் முதுகுப் பக்கம் மோதி உட்கார்ந்தது.

முள்ளெலி வடிவத்தில் ஒரு பிரதிபலிப்பான்,
பள்ளிப் பிள்ளைகள் பையில் தொங்கவிடுவது.
கோட்டில் அதைக் கட்டியிருந்தவர் பெரிய ஆள்.
ஒரு கையில் காலி பெட்ரோல் கேன்.
மறு கையை மடித்து
முகத்துக்குக் குறுக்கே உயர்த்தியிருந்தார்.
நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்.
இல்லை. என் விளக்கை மறைக்கிறார்.

லாரி போனதும்
விரல் தன்னால் ஹை பீமைப் போட்டிருக்கிறது.
நெற்றியில் நான்கு, கீழே இரண்டு.
ஈர மரங்கள் நுனிவரை நீலம்.

தணித்தேன். கை இறங்கியது.
ஏறிக்கொள்ளச் சொன்னதற்கு
வீடு பக்கம்தான் என்று கேனை ஆட்டினார்.
பக்கக் கண்ணாடியில் கொஞ்ச தூரம்
முள்ளெலி மட்டும் நடந்துபோனது.

ஹெல்மேயின் பண்ணையில் எல்லா விளக்கையும் அணைத்தேன்.
குழாய் மாட்டுமுன் கண் பழகும்வரை
எண்ணுவது என் வழக்கம்.
போன குளிர்காலத்தில்
அறுபதில் கொட்டகைக் கதவு தெரியும்.
இன்று நூற்றிருபதில் கூரை.
நூற்று நாற்பதில் கதவு.

கதவில் ஹெல்மே நின்றிருந்தாள்,
எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.